சின்ன ஹைபிரிட் எஸ்யூவி: கூடுதலாகக் கொடுக்கும் காசு எண்ணெயில் திரும்புமா?

"அக்கா, ஹைபிரிட் எடுக்கலாமா, வேணாமா? நாளைக்குள்ள புக்கிங் காசு கட்டச் சொல்றாரு சேல்ஸ்மேன்."

போன மாதம் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு சித்தி மகன் அனுப்பிய குரல் பதிவு இது. வயது 27. வீடு கிள்ளானில், வேலை பெட்டாலிங் ஜெயாவில். அவனுடைய பழைய மைவி ஃபோர்மேன் கடைக்கும் வீட்டுக்கும் நடையாய் நடக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு சின்ன எஸ்யூவி எடுக்கலாம் என்று ஷோரூமுக்குப் போயிருக்கிறான். போகும்போது மனதில் இருந்தது அடிப்படை மாடல். திரும்பி வரும்போது கையில் இருந்தது ஹைபிரிட் பிரசுரம்.

"எண்ணெய்ல மிச்சமாகுற காசே வித்தியாசத்தைக் கட்டிடும்னு சொல்றாருக்கா."

பிடிபிடிஎன் கடன் இன்னும் ஓடுகிறது. அடுத்த வருஷம் கல்யாணம். வீட்டு முன்பணத்துக்கென்று சேர்த்து வைத்த காசிலிருந்துதான் காடி முன்பணமும் போகும். ஆகவே ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். உங்களில் பலரும் இதே இடத்தில் நிற்பீர்கள் என்பதால் அந்தக் கணக்கை இங்கே விரித்து வைக்கிறேன்.

எது ஹைபிரிட்?

ஒட்டுப்பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. 'மைல்ட் ஹைபிரிட்' என்றால் இயந்திரத்துக்குச் சின்னதாக ஒரு மின் உதவி கிடைக்கும், அவ்வளவுதான். மின்சாரத்தில் மட்டும் அதனால் ஓட முடியாது. 'பிளக்-இன்' வகையில் பெரிய பேட்டரி இருக்கும், அதைச் செருகி சார்ஜ் செய்ய வேண்டும். நாம் பேசுவது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முழு ஹைபிரிட். செருக வேண்டியதே இல்லை, பெட்ரோல் ஊற்றினால் போதும், பேட்டரியைக் கார் தானே நிரப்பிக்கொள்ளும். நம் சாலைகளில் ஓடும் ஹோண்டா எச்ஆர்-வியின் இ:எச்இவி, டொயோட்டா கொரோலா கிராஸ் ஹைபிரிட் எல்லாம் இந்த வகை.

மிச்சம் எங்கிருந்து வருகிறது?

சாதாரணக் காரில் பிரேக்கை மிதிக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காசு கொடுத்து எரித்த பெட்ரோலால் வந்த வேகம், பிரேக் பட்டையில் வெறும் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஹைபிரிட்டில் அந்த நேரம் மின்மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகத்தின் ஒரு பகுதியை மின்சாரமாக்கிப் பேட்டரியில் போடுகிறது. அடுத்த முறை கிளம்பும்போது அந்த மின்சாரம்தான் காரை இழுக்கிறது. பெட்ரோல் இயந்திரத்துக்கு மிகவும் சிரமமான வேலை, நின்ற இடத்திலிருந்து கிளம்புவது. அந்த வேலை மோட்டாருக்குப் போய்விடுகிறது. ஜாமில் நிற்கும்போது இயந்திரம் அணைந்தே இருக்கும். ஏர்கோன் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுவதால் குளிர் நிற்காது.

இரு நிறுவனங்களும் இதைச் செய்யும் விதம் வேறு. ஹோண்டாவில் நகரத்துக்குள் பெரும்பாலும் மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றும், இயந்திரம் பின்னால் நின்று மின்சாரம் தயாரிக்கும். நெடுஞ்சாலை வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் இயந்திரத்தை நேரடியாகச் சக்கரத்தோடு இணைத்துவிடும். டொயோட்டாவில் ஒரு கோள்பல்சக்கரத் தொகுதி இரண்டின் சக்தியையும் தொடர்ந்து கலந்து கொடுக்கும். பெயர் இ-சிவிடி என்றாலும் சாதாரண சிவிடியில் உள்ள பெல்ட் அதில் கிடையாது.

இதிலிருந்து புரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அடிக்கடி நின்று கிளம்பும் இடத்தில்தான் ஹைபிரிட் சம்பாதிக்கிறது. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் ஈப்போ வரை போனால், பிரேக் பிடிப்பதே அபூர்வம். திரும்பப் பிடிக்க அங்கே சக்தி இல்லை. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதில்தான் எண்ணெய் செலவாகிறது, உயரமான எஸ்யூவி உடம்புக்கு அது இன்னும் அதிகம். அங்கே ஹைபிரிட்டின் முன்னிலை வெகுவாகச் சுருங்கிவிடும். ஆகவே "எவ்வளவு தூரம் ஓட்டுறீங்க?" என்பது பாதிக் கேள்விதான். எந்த ரோட்டில், எந்த நேரத்தில் என்பது மீதி.

எந்தக் காரோடு ஒப்பிடுகிறோம்?

ஷோரூமில் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இதுதான். தம்பியும் இங்கேதான் சறுக்கினான்.

2022 ஜூலையில் இப்போதைய தலைமுறை எச்ஆர்-வி மலேசியாவில் அறிமுகமானபோது இருந்த விலைப்பட்டியலை எடுத்துக்கொள்வோம். இன்றைய விலை அதுவல்ல, ஆனால் கணக்கின் வடிவம் அதேதான். காப்புறுதி இல்லாமல் அடிப்படை 'எஸ்' 114,800 ரிங்கிட். டர்போ 'வி' 134,800. ஹைபிரிட் 'ஆர்எஸ்' 140,800.

'வி'க்கும் ஹைபிரிட்டுக்கும் இடையில் 6,000 ரிங்கிட். 'எஸ்'ஸுக்கும் ஹைபிரிட்டுக்கும் இடையில் 26,000. ஒரே ஹைபிரிட்தான், ஆனால் நீங்கள் முதலில் எதை வாங்க வந்தீர்கள் என்பதைப் பொறுத்து 'கூடுதல் விலை' நான்கு மடங்குக்கு மேல் மாறுகிறது. ஏனென்றால் ஹைபிரிட் பெரும்பாலும் உச்ச மாடலாகவே விற்கப்படுகிறது. அந்த 26,000இல் நல்ல சக்கரம், நல்ல இருக்கை, கூடுதல் வசதிகள் எல்லாம் கலந்திருக்கின்றன. அவை எண்ணெயை மிச்சம் பிடிப்பதில்லை. பிடித்திருந்தால் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் 'எண்ணெய்க் காசு கட்டிடும்' என்ற கணக்கில் தோல் இருக்கையைச் சேர்க்கக் கூடாது.

இப்போது கடனைச் சேர்ப்போம். ஒன்பது ஆண்டுக் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு ஃபிளாட் வட்டி, வித்தியாசம் முழுவதும் கடனில்தான் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 6,000 ரிங்கிட்டுக்கு வட்டி 1,620. மொத்தம் 7,620. இதை 108 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 70 ரிங்கிட். உங்கள் வங்கி குறையும் நிலுவையின் மீது வட்டி போட்டால் எண் மாறும். அதனால் வட்டி விகிதத்தை மட்டும் கேட்காமல், "கடைசியில நான் மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்?" என்று கேளுங்கள்.

மாதம் 70 ரிங்கிட். அதை எண்ணெயில் மிச்சம் பிடிக்க முடியுமா?

1.99 என்ற எண்

2025 செப்டம்பர் இறுதியில் புடி95 திட்டம் தொடங்கியபோது, ஓட்டுநர் உரிமம் உள்ள மலேசியக் குடிமக்களுக்கு ரோன்95 லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்றானது. அதற்கு முன்பு 2.05. மாதம் 300 லிட்டர் வரை அந்த விலை, உதவித்தொகை இல்லாத விலை அப்போது 2.60. நூறு கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர் குடிக்கும் காரில் 300 லிட்டர் என்பது 4,000 கிலோமீட்டர். ஆபீசுக்குப் போய்வரும் ஆளுக்கு அந்த எல்லை எட்டாத தூரம்.

எண்ணெய் மலிவு என்பது நமக்கு நல்ல செய்தி. ஹைபிரிட்டுக்கு அது கெட்ட செய்தி. மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் உங்கள் கையில் தருவது இரண்டு ரிங்கிட்டுக்கும் குறைவு. மாதம் 70 ரிங்கிட் சேர, 35 லிட்டருக்குக் கொஞ்சம் மேல் மிச்சம் பிடித்தாக வேண்டும்.

நகரமும் ஹைவேயும் கலந்த ஓட்டத்தில் பெட்ரோல் கார் நூறு கிலோமீட்டருக்கு 7.5 லிட்டர், ஹைபிரிட் 5 லிட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், மிச்சம் 2.5 லிட்டர். அப்படியானால் மாதம் சுமார் 1,420 கிலோமீட்டர் ஓட்டினால்தான் கையைக் கடிக்காது. ஜாமிலேயே காலம் தள்ளுபவர், அவருக்கு மிச்சம் 4 லிட்டர் என்றால் 890 கிலோமீட்டர் போதும். பெரும்பாலும் ஹைவே, மிச்சம் 1.5 லிட்டர்தான் என்றால் 2,360 கிலோமீட்டர் வேண்டும்.

26,000 ரிங்கிட் வித்தியாசத்தையும் அதே வழியில் போட்டுப் பார்த்தேன். மாதம் 305 ரிங்கிட். கலவையான ஓட்டத்தில் அதை எண்ணெயில் எடுக்க மாதம் 6,100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும், அதாவது தினமும் 200 கிலோமீட்டர். முழுநேரமாகக் கிராப் ஓட்டும் அண்ணன்மாருக்கு அது நடக்கலாம். ஆபீஸ் போகிறவனுக்கு நடக்காது. சேல்ஸ்மேன் சொன்ன வாக்கியம் 6,000 வித்தியாசத்துக்கு ஓரளவு உண்மையாக இருக்கலாம், 26,000க்கு அது பொருந்தவே பொருந்தாது.

இதில் இன்னொன்றும் உண்டு. புடி95 குடிமக்களுக்கு மட்டும்தான். சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் உறவினர்கள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் முழு விலை கொடுக்கிறார்கள். லிட்டர் 2.60 என்று போட்டால், 6,000 வித்தியாசத்துக்கு 1,420க்குப் பதில் 1,090 கிலோமீட்டர் போதும். அதேபோல, உதவித்தொகை விலையும் ஒதுக்கீடும் அரசாங்கம் எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை. ஒன்பது ஆண்டுக் கடன் எடுக்கும்போது ஒன்பது ஆண்டுக்கும் 1.99 இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. விலை ஏறினால் ஹைபிரிட்காரர் சிரிப்பார்.

மேலே நான் போட்ட 7.5, 5 எல்லாம் கணக்குக்காக. உங்கள் எண்ணை நீங்களே எடுக்கலாம், செயலி எதுவும் தேவையில்லை. டேங்கை நிரப்புங்கள், மீட்டரைப் படம் எடுங்கள். அடுத்த முறை அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை ஓடிய கிலோமீட்டரால் வகுத்து நூறால் பெருக்குங்கள். மூன்று முறை செய்தால் உங்கள் ஓட்டத்தின் உண்மை தெரிந்துவிடும். பிரசுரத்தில் இருக்கும் எண் சோதனைக்கூட எண், பந்திங் சாலையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தது அல்ல.

எட்டு ஆண்டும் ஒன்பது ஆண்டும்

"பேட்டரி போச்சுன்னா?" இது சித்தியின் கேள்வி. நியாயமானதும்கூட.

இந்தப் பயத்துக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது. 2011 முதல் 2013 இறுதி வரை 2,000 சிசிக்குக் குறைந்த ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியும் கலால் வரியும் விலக்கப்பட்டன. பிரியஸ், பிரியஸ் சி, இன்சைட் எல்லாம் அப்போது சாலையில் குவிந்தன. வரிச் சலுகை முடிந்து, கார்களுக்கும் வயதாகி, அவை செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தபோது வாங்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "பேட்டரி மாத்தியாச்சா?" அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

உண்மை நிலவரம் அந்தப் பயம் அளவுக்கு மோசமில்லை. இப்போதைய ஹைபிரிட்களின் பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் என்பது பரவலாக இருக்கிறது. கார் தன் பேட்டரியை முழுவதும் நிரப்புவதும் இல்லை, முழுவதும் காலியாக்குவதும் இல்லை, நடுவிலேயே வைத்து ஓட்டுவதால் அது நீண்ட நாள் உழைக்கும். பிரேக் பட்டையும் மெதுவாகவே தேயும்.

ஆனால் தேதியைக் கவனித்தீர்களா? உத்தரவாதம் எட்டு ஆண்டு, கடன் ஒன்பது ஆண்டு. கடைசிப் பன்னிரண்டு தவணையையும் உத்தரவாதம் முடிந்த ஒரு பேட்டரிக்காகத்தான் கட்டிக்கொண்டிருப்பீர்கள். எல்லாருக்கும் அந்த ஆண்டில் பேட்டரி போய்விடும் என்று இதற்கு அர்த்தமில்லை. போனால் தாங்குவதற்குக் கையில் கொஞ்சம் காசு இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு ஆண்டுக் கடனாக எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். தவணை ஏறும், ஆனால் இந்த இடைவெளியே இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம், யாரும் சொல்லித் தருவதில்லை. பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, காருக்குள்ளிருந்தே பின்னிருக்கைப் பக்கம் உள்ள துவாரம் வழியாகப் போகும். அதை மறைத்துப் பை, தலையணை, கல்யாணத்துக்குக் கொண்டுபோன தாம்பாளம் எல்லாம் அடுக்கி வைக்கக் கூடாது. அந்த வடிகட்டியைச் சர்வீசின்போது சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தக் கம்பிகள், அவற்றைத் தொடப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். உங்கள் தாமானில் இருக்கும் ஃபோர்மேன் எண்ணெய் மாற்றலாம், டயர் பார்க்கலாம். அந்தக் கம்பிகளில் கை வைக்கப் பயிற்சி பெற்றவரா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளம் தானாகச் சேராது, தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். விலை கூடிய காருக்குக் காப்புறுதித் தொகையும் கூடும். சாலை வரியில் ஹைபிரிட்டுக்குத் தள்ளுபடி கிடையாது, பெட்ரோல் கார் மாதிரியே சிசியைப் பார்த்துத்தான்.

காசு மட்டுமா?

இல்லை. ஒருநாள் தோழியின் ஹைபிரிட்டில் கூட்டரசு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஊர்ந்து வந்தேன். இறங்கும்போது தலைவலி இல்லை. அந்த அமைதிக்கு என்ன விலை போடுவது? உங்களுக்குத்தான் தெரியும். மாதம் 35 லிட்டர் மிச்சம் என்றால் ஆண்டுக்கு 420 லிட்டர். லிட்டருக்கு ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு என்று பார்த்தால், ஒரு டன்னுக்குப் பக்கத்தில் வானத்துக்குப் போகாமல் இருக்கும். இது உங்களுக்கு முக்கியம் என்றால் அதையும் தராசில் வையுங்கள், ஆனால் தனித் தட்டில்.

தரைவீடும் வாசலில் சார்ஜர் போட வசதியும் உள்ளவர்கள் ஹைபிரிட்டைத் தாண்டி மின்சாரக் காரையே பார்க்கலாம், அது தனிக் கட்டுரை. அடுக்குமாடியின் ஆறாவது மாடியில், கீழே பொது நிறுத்துமிடத்தோடு இருப்பவருக்குச் செருகத் தேவையில்லாத ஹைபிரிட் வசதி. வாங்கிப் போடத் தயங்கினால், வாடகை வழியும் முயன்று பார்க்கப்பட்டிருக்கிறது. 2022இல் பெரோடுவா 300 அத்திவா ஹைபிரிட்களை விற்காமல், மாதம் 500 ரிங்கிட்டுக்கு ஐந்து ஆண்டுச் சந்தாவாகக் கொடுத்தது. பேட்டரிக் கவலை வாங்குபவரின் தலையில் விழாத ஏற்பாடு, பரவலாக வந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

தம்பியின் மீட்டர்

மறுநாள் அவன் புக்கிங் காசு கட்டவில்லை. ஒரு மாதம் மைவியின் மீட்டரை எழுதி வைத்தான். கிள்ளானிலிருந்து ஆபீஸ் போய்வர 55 கிலோமீட்டர். வாரத்தில் ஐந்து நாள் போனால் மாதம் 1,200, வாரக்கடைசியில் கோயில், சந்தை, மாமாக் கடை எல்லாம் சேர்த்து இன்னொரு 300. எல்லையைத் தாண்டியிருப்பான். ஆனால் அவன் ஆபீஸ் வாரத்தில் மூன்று நாள்தான். மாதக் கடைசியில் மீட்டர் காட்டியது 1,160.

"அப்ப டர்போவோட ஒப்பிட்டாலே முழுசா வரலையேக்கா" என்றான். ஆமாம், வரவில்லை. அவன் முதலில் பார்க்கப் போனது அடிப்படை மாடலை என்பதை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. வீட்டு முன்பணக் கணக்கை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது.

"சரிக்கா, கல்யாணத்துக்கு அப்புறம் சிரம்பான்ல வீடு எடுத்தா? அங்கேருந்து தினம் வந்தா கிலோமீட்டர் ஏறுமே. அப்ப ஹைபிரிட் சரிதானே?"

ஒரு வழிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். மாதம் 14 நாள் போய்வந்தால் 1,820, வாரக்கடைசி 300. மொத்தம் 2,120. தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது, உண்மைதான். ஆனால் அதில் முக்கால்வாசி ஹைவே. அந்த ஓட்டத்துக்கு 2,360 வேண்டும்.

அடிப்படை மாடலுக்குப் போன வாரம் புக்கிங் காசு கட்டிவிட்டான், ஏழு ஆண்டுக் கடனுக்கு வங்கியிடம் கேட்டிருக்கிறான். சேல்ஸ்மேனுக்கு முகம் கொஞ்சம் வாடியதாம். சித்திக்கு மட்டும் பரம சந்தோஷம்.